அல்யோஷாவுக்கு ஆறு நாள் லீவு

போர்ப்படத்துக்கு ஒரு பழைய வியாதி உண்டு. போர் வேண்டாம் என்று சொல்லத்தான் எடுத்திருப்பார்கள். பார்த்துவிட்டு வரும் பையன் மார்பை நிமிர்த்திக்கொண்டு வெளியே வருவான். பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ இதைக் கறாராகச் சொன்னவர். போருக்கு எதிரான படம் ஒன்றைத் தான் பார்த்ததாகவே நினைவில்லை, போரைப் பற்றி எடுத்த படமெல்லாம் கடைசியில் போருக்கு ஆள் சேர்க்கத்தான் செய்கிறது என்பது அவர் கட்சி.

கொஞ்சம் அதிகப்படியாகப் பேசுகிறாரே என்று எனக்கும் தோன்றியதுண்டு. அந்தோணி ஸ்வாஃபோர்டு என்ற அமெரிக்க மரைன் வீரர் 2003இல் எழுதிய 'ஜார்ஹெட்' நினைவுக் குறிப்பைப் படித்தபின் அப்படித் தோன்றவில்லை. 1990இல் வளைகுடாவுக்குக் கிளம்புமுன் முகாமில் இருந்த பையன்கள் வியட்நாம் போர்ப் படங்களாக வாங்கிவந்து, பீரும் கையுமாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். எல்லாம் அமெரிக்கா செய்தது தப்பு என்று சொல்லும் படங்கள். 'அபோகலிப்ஸ் நவ்' அதில் ஒன்று. ஹெலிகாப்டர்கள் வாக்னரின் இசையோடு ஒரு கிராமத்தின்மேல் பாய்கிற காட்சியைக் கொப்போலா எடுத்தது தாக்குதலை நடத்தும் கர்னலின் பைத்தியத்தைக் காட்டத்தான். முகாமில் இருந்த பையன்களுக்கோ அது திருவிழா. புத்தகத்தைச் சாம் மெண்டிஸ் 2005இல் படமாக எடுத்தபோது, அந்தக் காட்சிக்கு வீரர்கள் கூச்சல் போட்டுக் கொண்டாடுவதையும் வைத்தார். இரண்டு படங்களின் எடிட்டிங்கிலும் வேலை செய்தவர் வால்டர் மர்ச். தான் கைவைத்த படம் என்ன வேலை செய்தது என்பதை அவரே இன்னொரு படத்தில் வெட்டி ஒட்ட வேண்டியதாயிற்று.

ஏன் இப்படி ஆகிறது? காரணம் எளிதுதான். ஓர் ஆளின் பின்னாலேயே கேமரா போனால் நம் மனசும் அவன் பின்னால் போய்விடும். அவனுக்கு ஆபத்து வந்தால் நாம் சீட் நுனிக்கு வருவோம். அவன் தப்பிக்க வேண்டும் என்று ஒருமுறை ஆசைப்பட்டுவிட்டால் எதிரில் இருப்பவன் ஆளாகத் தெரிய மாட்டான், இடைஞ்சலாகத்தான் தெரிவான். போதாததற்கு, நிஜப் போரின் பெரும்பகுதி காத்திருப்பதும் நடப்பதும் பேன் பார்ப்பதும் வயிற்றுப்போக்கும்தான். இரண்டு மணி நேரத்துக்குள் அடக்குவதற்காக அதையெல்லாம் வெட்டிவிட்டால் மிஞ்சுவது ஐந்து நாள் டெஸ்ட் மேட்சின் ஹைலைட்ஸ்: பவுண்டரியும் சிக்சரும் விக்கெட்டும் மட்டும். அதைப் பார்த்து யாருக்குத்தான் சுறுசுறுப்பு வராது?

இதை ஒரு சாயங்காலம் என் அக்கா மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். போர்ப்படம் என்றால் உயிரை விடுகிறவன். "அப்போ உருப்படியான போர்ப்படமே கிடையாதுங்கிறீங்களா மாமா?" என்றான். இருக்கிறது. இந்த வியாதி தெரிந்து, அதற்குத் தங்கள் கைக்கு எட்டிய வைத்தியத்தைச் செய்துபார்த்த ஆட்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் படங்களை நான் பார்க்கும்போது இரண்டு விஷயத்தைக் கவனிப்பேன். யார் சாகப்போகிறார் என்பதைப் படம் எப்போது சொல்கிறது, கேமரா யார் பக்கத்தில் நிற்கிறது. டாங்கி அசலா அட்டையா, சீருடையில் பொத்தான் சரியாக இருக்கிறதா என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான்.

முதல் கேள்விக்கு நல்ல உதாரணம் ஒரு சோவியத் படம். கிரிகோரி சுக்ராய் 1959இல் எடுத்த 'ஒரு சிப்பாயின் கதைப்பாடல்'. சுக்ராய் ஸ்டாலின்கிராடில் போரிட்டவர், காயம்பட்டவர். படத்தின் முதல் காட்சியில் கறுப்புத் துணி உடுத்திய ஒரு கிராமத்து அம்மா ஊர் எல்லைச் சாலையில் வந்து நின்று தூரத்தைப் பார்க்கிறாள். அவள் மகன் அல்யோஷா திரும்பி வரவில்லை, எங்கோ தூர தேசத்தில் புதைந்துகிடக்கிறான் என்று ஒரு குரல் சொல்லிவிடுகிறது. கதையே அதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

"கிளைமாக்ஸை முதல்லயே சொல்லிட்டா அப்புறம் எதுக்குப் பார்க்கணும்?" என்றான் அவன்.

அங்கேதான் சூட்சுமம். பிழைப்பானா மாட்டானா என்ற கேள்வியை முதல் ரெண்டு நிமிஷத்திலேயே தீர்த்துவிட்டால், அந்தப் பதைபதைப்புக்கு வேலை இல்லாமல் போகிறது. மிச்சப் படம் முழுக்க அவன் என்ன செய்கிறான், எப்படிச் சிரிக்கிறான் என்று பார்க்க நமக்கு நேரம் கிடைக்கிறது. அல்யோஷாவுக்குப் பத்தொன்பது வயது, சிக்னல் பிரிவு. ஒரு டாங்கி அவனைத் துரத்துகிறது. ஓடுகிற ஓட்டத்தில் படச்சட்டமே தலைகீழாகிறது. தரை மேலே, வானம் கீழே. வேறு வழியில்லாமல், பயத்தில், கையில் கிடைத்த டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கியால் சுட்டு இரண்டு டாங்கிகளை நிறுத்திவிடுகிறான். ஜெனரல் பதக்கம் தருகிறேன் என்கிறார். பதக்கம் வேண்டாம், வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று அம்மா எழுதியிருக்கிறாள், ஒருநாள் போய் வந்துவிடுகிறேன் என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறான். போக இரண்டு நாள், வர இரண்டு நாள், கூரை வேய இரண்டு நாள் என்று கணக்குப் போட்டு ஆறு நாள் லீவு கிடைக்கிறது.

சண்டை அத்தோடு முடிந்தது. ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் முடிந்தே விட்டது. அப்புறம் முழுக்க ரயில், வைக்கோல், ஸ்டேஷன் குழாய், வழியில் சந்திக்கும் மனிதர்கள். ஒரு காலை இழந்த சிப்பாய் ஒருவன், இந்தக் கோலத்தில் மனைவி முகத்தில் எப்படி விழிப்பது என்று ஊருக்குப் போகவே பயப்படுகிறான். அவனைத் தாங்கிப்பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் ஒரு நாள் போகிறது. வழியில் பார்த்த இன்னொரு சிப்பாய், என் மனைவியிடம் கொடுத்துவிடு என்று சோப்புக்கட்டி இரண்டு கொடுத்தனுப்புகிறான். படைப்பிரிவுக்கே பங்காக வந்த சோப்பு, தோழர்கள் விட்டுக்கொடுத்தது. தேடிக்கொண்டு போனால் அந்த வீட்டில் வேறோர் ஆண் இருக்கிறான். அல்யோஷா படியிறங்கி வந்துவிட்டு, மறுபடி ஏறிப்போய், கொடுத்த சோப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு வருகிறான். சிப்பாயின் வயதான அப்பா இருக்கும் இடம் விசாரித்து அவர் கையில் கொடுக்கிறான். உங்கள் மகனை எல்லோரும் கொண்டாடுகிறார்கள் என்று ரெண்டு பொய்யும் சேர்த்துச் சொல்கிறான். போர் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடச் சிக்கனமான காட்சி கிடையாது. சோப்பைத் திரும்ப வாங்கியது சரியா என்பதில் எனக்கும் அக்கா மகனுக்கும் ஒரு டீ நேரம் வாக்குவாதம் நடந்தது. புருஷன் உயிரோடிருக்கிறானா என்று தெரியாமல் பஞ்சத்தில் கிடந்தவளுக்குத் தீர்ப்பு சொல்ல இந்தப் பொடியன் யார் என்பது என் வாதம். அவன் ஒத்துக்கொள்ளவில்லை.

இப்படியே லீவு கரைந்துபோகிறது. ஊருக்குப் போய்ச் சேரும்போது அம்மாவைக் கட்டிப்பிடிக்கத்தான் நேரம் இருக்கிறது. கூரை அப்படியே ஒழுகிக்கொண்டிருக்கும். அவன் வரமாட்டான் என்று நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. இந்தத் துயரம் படத்தின் கடைசியில் மரணத்தை வைத்திருந்தால் கிடைத்திருக்காது.

இசாவோ தகாஹாதாவின் 'மின்மினிகளின் கல்லறை' (1988) என்ற ஜப்பானிய அனிமேஷன் படமும் இதே வழியில்தான் போகிறது. தான் செத்துப்போன தேதியைச் சிறுவன் செய்த்தாவே சொல்வதோடு படம் தொடங்குகிறது. கோபே நகரின்மேல் அமெரிக்க விமானங்கள் தீக்குண்டு போட்டபின் தங்கையோடு தெருவுக்கு வந்த பையன் அவன். மூலக்கதை எழுதிய நொசாகா 1945இல் தன் தங்கையைப் பசிக்குப் பறிகொடுத்தவர். தகாஹாதா ஒன்பது வயதில் ஒகாயாமா குண்டுவீச்சில் தப்பிப் பிழைத்தவர். இதைப் போர் எதிர்ப்புப் படம் என்று சொல்லாதீர்கள் என்று அவர் மறுத்துக்கொண்டே இருந்தார். பட வெளியீட்டில்தான் ஒரு விந்தை. ஒரே டிக்கெட்டில் மியாசாகியின் குழந்தைகள் படமான 'டோட்டோரோ'வோடு சேர்த்துத் திரையிட்டார்கள். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போன பெற்றோரை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இதற்கு எலெம் கிளிமோவின் 'வந்து பார்' (1985). பெலாரஸ், 1943. ஃப்ளியோரா என்ற பையன் மணலைத் தோண்டி ஒரு துப்பாக்கியை எடுக்கிறான். துப்பாக்கி இருந்தால்தான் காட்டில் இருக்கும் கெரில்லாக்களோடு சேர முடியும். வாயெல்லாம் பல்லாக, சாகசத்துக்குக் கிளம்புகிறான். படம் முடியும்போது அந்த முகத்தில் கிழவனின் சுருக்கம் விழுந்திருக்கிறது. நடித்த அலெக்சேய் கிராவ்சென்கோவுக்கு அப்போது பதினான்கு வயது. கதை போகிற வரிசையிலேயே மாதக்கணக்கில் படம்பிடித்தார்கள். சில காட்சிகளில் நிஜத் தோட்டாவையே சுட்டார்கள். ஒரு குழந்தையை இப்படி நடிக்கவைக்கலாமா என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. கூடாது என்றே நினைக்கிறேன், படத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதில் ஒரு காட்சியை விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஃப்ளியோராவும் கிளாஷா என்ற பெண்ணும் அவன் வீட்டுக்குத் திரும்பி வருகிறார்கள். யாருமில்லை. தரையில் தங்கைகளின் பொம்மைகள் கிடக்கின்றன. அடுப்பில் சூப் இன்னும் சூடாக இருக்கிறது. ஈக்கள் மொய்க்கின்றன. இருவரும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அவர்கள் எங்கே இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும் என்று அவன் வெளியே ஓடுகிறான். பின்னால் ஓடும் கிளாஷா ஒரு கணம் திரும்பிப் பார்க்கிறாள். வீட்டுச் சுவருக்குப் பின்னால் ஊர் மக்களின் உடல்கள் குவிந்து கிடக்கின்றன. கேமரா அங்கே நிற்கவில்லை. அவள் ஓடிக்கொண்டே பார்த்த அளவுதான் நாமும் பார்க்கிறோம். அவனோ பார்க்கவே இல்லை. கிட்டப் போய் ரத்தமும் சதையுமாகக் காட்டியிருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்போம். இப்போது அவனிடம் சொல்லவா வேண்டாமா என்ற அவள் அவஸ்தை நம் தலையில் ஏறிவிடுகிறது. முதலில் குண்டு விழுந்ததிலிருந்து பையன் காதில் ஒரு ரீங்காரம் ஓடிக்கொண்டிருக்கும். அது நம் காதிலும் ஓடும். அவன் காதுக்குக் கேட்காதது நமக்கும் சரியாகக் கேட்காது. இப்படி ஒருவனின் தோலுக்குள் நம்மை அடைத்துவிட்டபின் சண்டையை வேடிக்கை பார்க்க வசதியான இடம் கிடைப்பதில்லை.

கிளிமோவே ஸ்டாலின்கிராட் எரிந்தபோது வோல்கா ஆற்றைக் கடந்து தப்பிய சிறுவன்தான். கூட எழுதிய அலெஸ் அடமோவிச் பதின்வயதில் கெரில்லாவாக இருந்தவர், பிற்பாடு எரிந்த கிராமங்களில் தப்பியவர்களின் வாக்குமூலங்களைத் திரட்டியவர். 1977இல் தொடங்கப்பார்த்த படத்தை சோவியத் அதிகாரிகள் ஏழெட்டு வருஷம் முடக்கினார்கள். இப்படிப் பெலாரஸில் 628 கிராமங்கள் மக்களோடு சேர்த்துக் கொளுத்தப்பட்டன என்று கடைசியில் எழுத்து வரும். கிளிமோவ் அதன்பின் படமே எடுக்கவில்லை.

நேராக இதிலிருந்து தொடங்காதீர்கள் என்று ஒரு எச்சரிக்கை. அக்கா மகனுக்கும் அதைத்தான் சொன்னேன். சப்டைட்டில் படிக்க அலுப்பாக இருக்கிறது என்றான். சுக்ராய் படத்தில் பேச்சு குறைவு, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும், அதைப் பார்த்துப் பழகு என்றேன். ஆங்கிலத்தில் குரல் மாற்றிய பிரதி கிடைத்தாலும் தொட வேண்டாம். அந்த அம்மா ஓடிவந்து கூப்பிடும் குரலை வேறொருத்தி வாயில் கேட்டால் படம் பாதி போச்சு.

சண்டையை எதிரியோடு வைக்காமல் சொந்த மேலதிகாரியோடு வைத்தவர் குப்ரிக். 'பாத்ஸ் ஆஃப் குளோரி' (1957) முதல் உலகப்போரில் பிரெஞ்சுப் படைக்குள் நடக்கிறது. பிடிக்கவே முடியாத ஒரு குன்றைப் பிடிக்கச் சொல்கிறார் ஒரு ஜெனரல், பதவி உயர்வுக்காக. தாக்குதல் தோற்கிறது. கோழைகள் என்று பெயர் சூட்டி மூன்று பேரைத் தேர்ந்தெடுத்துச் சுடுகிறார்கள். ஒருவனைச் சீட்டுக் குலுக்கி எடுத்தது. அவன் மண்டையுடைந்து நினைவில்லாமல் கிடக்கிறான். ஸ்ட்ரெச்சரோடு நிறுத்தி, கன்னத்தைக் கிள்ளி எழுப்பிச் சுடுகிறார்கள். படம் முழுக்க ஒரு ஜெர்மன் சிப்பாய்கூட முகம் காட்டுவதில்லை. வெற்றி பெற வேண்டும் என்று நாம் ஆசைப்பட ஆளே இல்லாமல் செய்துவிட்டார். பிரான்ஸில் 1975 வரை இது தியேட்டருக்கு வரவில்லை.

பொன்டெகோர்வோவின் 'அல்ஜியர்ஸ் போர்' (1966) இன்னும் சங்கடமான காரியத்தைச் செய்கிறது. படம் யார் பக்கம் என்பதில் ஒளிவுமறைவே இல்லை. அல்ஜீரிய விடுதலைப் போராட்டத்தின் பக்கம். நகரப் போராட்டத்தை நடத்திய சாதி யாசெஃப் அதில் தன்னைப்போன்ற பாத்திரத்தில் நடித்தும் இருக்கிறார். ஆனாலும் மூன்று பெண்கள் பைக்குள் குண்டு வைத்து எடுத்துப்போய் காபிக் கடை மாதிரியான இடங்களில் உட்காரும்போது, கேமரா அங்கே இருக்கும் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறது. ஐஸ்கிரீம் தின்னும் குழந்தையையும் பார்க்கிறது. அராபியர் வீதியில் பிணங்களை எடுக்கும்போது ஒலித்த அதே சோக இசைதான் பிரெஞ்சுக்காரர்களின் பிணத்துக்கும். கட்சி சேர்ந்துகொண்டே எதிராளியின் குழந்தையை முகத்துக்கு நேராகப் பார்க்க எத்தனை இயக்குநர்களுக்குத் துணிச்சல் வரும்? 2003இல் ஈராக்கில் மாட்டிக்கொண்ட நேரத்தில் பென்டகன் அதிகாரிகளே இதைப் போட்டுப் பார்த்தார்கள். என்ன கற்றார்களோ.

'சேவிங் பிரைவேட் ரயன்' பிடிக்குமா என்று எல்லோரும் கேட்பார்கள். கடற்கரைக் காட்சி பிடிக்கும். மிச்சம் நல்ல சாகசப் படம். நோலனின் 'டன்கர்க்'கில் சத்தம் பிரமாதம். ஆனால் அந்தக் கடற்கரையில் கோவேறு கழுதைகளோடு நின்ற இந்தியப் படைப்பிரிவினர் எங்கே என்று தேடினால் கிடைக்க மாட்டார்கள்.

தேடினால் கிடைக்காத ஆட்கள் என்றால் எனக்கு முதலில் நினைவு வருவது டேவிட் லீனின் 'தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' (1957). இதை நான் ரசித்துப் பார்ப்பேன், கோபமும் வரும். ஜப்பானியரிடம் பிடிபட்ட பிரிட்டிஷ் கர்னல் நிக்கல்சன் தன் ஆட்களின் மானத்தைக் காப்பதாக நினைத்து எதிரிக்கு அருமையான பாலம் ஒன்றைக் கட்டிக்கொடுக்கிறார். அலெக் கின்னஸ் அந்த வேஷத்தில் வாழ்ந்திருப்பார். ஒழுங்கும் கடமையும் ஒருவனை எந்த முட்டாள்தனம் வரை கொண்டுபோகும் என்று காட்டியவகையில் பெரிய படம். ஏழு ஆஸ்கர். திரைக்கதை விருது நாவலாசிரியர் பியேர் பூல் பெயரில் போயிற்று. எழுதிய ஃபோர்மனும் வில்சனும் கம்யூனிஸ்ட் சந்தேகத்தில் ஹாலிவுட் ஒதுக்கிவைத்தவர்கள் என்பதால் பெயர் போடவில்லை. 1984இல் அவர்கள் செத்தபிறகு கொடுத்தார்கள். பாலத்தை நம் பக்கத்தில்தான் கட்டினார்கள்: இலங்கையில், கித்துல்கலையில், களனி ஆற்றின்மேல். கடைசியில் நிஜமாகவே வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

அசல் பாலம் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் இருக்கிறது. அது, சயாம் என்று அன்று பெயர்பெற்ற தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்து 415 கிலோமீட்டர், காட்டையும் பாறையையும் குடைந்து, 1943 அக்டோபரில் ஜப்பானியர் முடித்த 'மரண ரயில்' பாதையில் இருப்பது. அதில் வேலைசெய்த நேசநாட்டுக் கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். படம் இவர்களைப் பற்றியது. இவர்களைவிடப் பல மடங்கு ஆசியக் கூலிகள் அங்கே இருந்தார்கள்: பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து லாரியிலும் சரக்கு ரயிலிலும் ஏற்றப்பட்ட பல பத்தாயிரம் தமிழர். செத்த ஆசியர்கள் 90,000 வரை இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. கைதிகளுக்காவது ராணுவ மருத்துவர்கள் கூட இருந்தார்கள், கணக்கு எழுத அதிகாரிகள் இருந்தார்கள். காலரா வந்தபோது தோட்டக்காட்டு ஜனத்துக்கு இரண்டும் இல்லை. காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 சிப்பாய்கள் பெயர் பொறித்துப் படுத்திருக்கிறார்கள். கூலிகளுக்கு அப்படி ஓர் இடம் இல்லை.

லீனின் கேமரா சிப்பாய்களுக்குப் பக்கத்தில் நின்றது. நிற்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். எங்கே நின்றாலும் யாரோ சட்டத்துக்கு வெளியே போகத்தான் செய்வார்கள். ஆனால் இந்தப் படத்தில் வெளியே போனவர்கள் அங்கிருந்த கூட்டத்தில் பாதிக்கும் மேல். சீட்டியடித்துக்கொண்டு அணிவகுத்து வரும் அந்தப் புகழ்பெற்ற காட்சியைப் பார்த்துவிட்டு, மரண ரயில் என்றால் இப்படித்தான் போலும் என்று உலகமே நினைத்துக்கொண்டது. சுற்றுலாக்காரர்கள் படத்தின் ஆற்றைத் தேடிக்கொண்டு வந்ததால், பாலம் நிற்கும் ஆற்றின் பெயரையே தாய்லாந்துக்காரர்கள் பிற்பாடு மாற்றிவிட்டார்கள். படத்துக்கு அவ்வளவு பலம்.

"அப்போ அதைப் பார்க்க வேணாமா?" என்றான் அக்கா மகன்.

தாராளமாகப் பார். கூடவே மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலை எடுத்துவைத்துக்கொள். அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்ன'மும் அதே பாதையைப் பற்றியதுதான். எதை முதலில் தொடுவது என்று கேட்டான். நாவலை என்றேன். அவன் படத்தைத்தான் முதலில் பார்ப்பான் என்று எனக்குத் தெரியும். லீவில் வரும்போது நாவலை வாங்கிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறான்.